கூனி இல்லை, மகள்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பெரிய மார்க்கெட் கீரை வியாபாரி ஒருவர் பேசியது)



பெரிய மார்க்கெட்டில் எனக்குப் பேரு கீரைக்காரி. வீட்டில் இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மா. தண்டல்காரர் நோட்டில் ஒரு கணக்கு. இதில் நான் யாருன்னு கேட்டால், எனக்குப் பதில் தந்தது என் விசுவாசம். யாரையும் மதம் மாத்த நான் பேச வரலை. எனக்குத் தெம்பு தந்ததைச் சொல்றேன்.

லூக்கா நற்செய்தியில் ஒரு பெண் வர்றாங்க. 18 வருஷமா முதுகு வளைஞ்சு, நிமிரவே முடியாதவங்க. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் இயேசுவே அவங்களைக் கூப்பிட்டுக் குணமாக்குறார். ஓய்வுநாளில் இதைச் செய்யலாமான்னு தொழுகைக்கூடத் தலைவர் கோவப்படுறார். பதில் சொல்லும்போது இயேசு அவங்களைக் கூனின்னு சொல்லலை. ஆபிரகாமோட மகள்னு சொல்றார். அவங்க கேட்கவும் இல்லை, காணிக்கை வைக்கவும் இல்லை. கூடை சுமந்து குனிஞ்சு போன நமக்கு இதில் பெரிய செய்தி இருக்கு. மதிப்பு நாம சம்பாதிச்சு வாங்குறது இல்லை, பிறக்கும்போதே ஆண்டவர் தந்தது.

கோவிலுக்குள்ளேயே இதை மறந்த காலம் உண்டு. மார்க்கெட் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கே, அந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745-ல் நடந்ததை எழுதி வச்சிருக்கார். அப்போ கோவிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் சேரி மக்கள். சேரி மக்கள் பெரிய சாமியார்கிட்டப் போனாங்க. நாங்களும் உங்க சீடர்கள்தானே, ஆண்டவர் பேதம் பார்க்கலையே, நீங்க பார்க்கலாமான்னு கேட்டாங்க. சுவரை இடிச்சாங்க. பேதம் அதோடு ஒழிஞ்சிடலை. ஆனாலும் அவங்க கெஞ்சலை. ஞானஸ்நானத்தில் தங்களுக்குக் கிடைச்ச உரிமையைத்தான் கேட்டாங்க.

1844-ல் துப்புயி சாமியார் இதே புதுச்சேரியில் பெண்பிள்ளைகள் படிக்கணும்னு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்ட காலம் அது.

இப்போ நம்ம குழுவுக்கு வர்றேன். போன வருஷம் எங்க சகோதரி ஒருத்தர் மூணு தவணை கட்டலை. கூட்டத்தில் "பாக்கிக்காரி வந்துட்டா"ன்னு ஒரு குரல் வந்தது. அவங்க வாசலோடு திரும்பிட்டாங்க. நான் எழுந்து, "முதல்ல அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, அப்புறம் பணத்தைக் கேளுங்க"ன்னு சொன்னேன். கூட்டிவந்து உட்கார வச்சு விசாரிச்சோம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கார். தவணையைச் சின்னதாக்கித் தீர்மானம் எழுதினோம். இன்னிக்கு வரைக்கும் தவறாமல் கட்டுறாங்க.

சகோதரிகளே, தவணையைக் கண்டிப்பாக் கேளுங்க. அது எல்லாருடைய பணம். ஆனால் கடன் வேற, ஆள் வேற. நீங்க கும்பிடுற சாமி எதுவாக இருந்தாலும், அந்தச் சாமி முன்னாடி அவங்களும் ஒரு மகள்தான். அதை மறக்காமல் நோட்டைத் திறப்போம்.