புடவை மூட்டையோடு மலையேறியவர்



யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலின் பனிதான். பல ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றுக்காக முதன்முறையாக ஹட்டனுக்குப் போனேன். இரவல் வாங்கிய சுவெற்றரை நம்பித்தான் புகையிரதம் ஏறினேன். நாவலப்பிட்டி கழிந்ததுமே யன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியாவோ 1,868. மறுநாட் காலை, மண்டபக் கதவுகளை அடைத்துக்கொண்டு நாங்கள் தேநீர் பருகிக்கொண்டிருந்தோம். எதிர்ச்சரிவிலே, கொங்காணி போட்ட பெண்கள் தூறலில் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நினைவுக்கு வந்தவர் கோ. நடேசய்யர். அவரும் ஒரு கூட்டத்துக்காக வந்தவர்தாம். தஞ்சாவூர்க்காரர், அங்கே 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். கொழும்பில் இந்திய வர்த்தகர்களின் சங்க விழாவுக்கு வந்தார். விழா முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். அவருக்கோ மலைநாட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்.

பார்ப்பது அவ்வளவு எளிதா? தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி அயலவர் கால் வைத்தால் குற்றம். ஆனால் லயங்களுக்குப் புடவை வியாபாரி போய்வரலாம். ஐயர் புடவை வியாபாரியானார்.

இந்த வேடத்தை ஒரு சாகசக் கதையாகச் சொல்லி மகிழ்பவர்கள் உண்டு. எனக்கோ சாகசத்தைவிட அவர் சுமந்த சரக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. குளிர்மலையில் துணி என்பது அலங்காரமல்ல. லயத்தில் இருந்தவர்களும் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் என்ற வெயிற் சீமைகளிலிருந்து வேலைக்காக மலையேறியவர்கள்தாம். அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. இலவசமாக அல்ல. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் பற்றாக எழுதப்பட்டன. குளிருக்குப் போர்த்தியதும் கடன்தான்.

அந்தக் கடனுக்கு ஒரு சீட்டும் இருந்தது. 'துண்டு' என்று பெயர். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதை அது சொல்லும். அந்தத் தொகையைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவன் மாறிப் போகலாம். ஆளையல்ல, கடனைத்தான் கைமாற்றினார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை. 1921இல்தான் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சேலைக்கு விலை பேச உட்கார்ந்தால், பேச்சு கடனில் போய் முடியாமல் இருக்குமா? லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்தவருக்கு, தோட்டத்தின் கணக்கு முழுவதும் அங்கேயே கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1920இல் அவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகள் வந்தன. பின்னர் சட்டசபையிலும் இடம் பெற்றார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அவர் அமைத்த சம்மேளனத்துக்குத் தலைமையிடம் கொழும்பல்ல, ஹட்டன். 1936இல் அதே ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. மேடையில் அவர் பேசுமுன் துணைவியார் மீனாட்சியம்மை பாடுவார். எழுத்தறியாத கூட்டத்துக்குப் பத்திரிகையைவிட அந்தப் பாட்டுத்தான் எட்டியிருக்க வேண்டும். அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன.

கருத்தரங்கின் பிற்பகல் அமர்வில் இவற்றையெல்லாம் சொன்னேன். அமர்வு முடிந்ததும் தோட்டத்திலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர் அருகில் வந்தார். "சேர், எங்க அப்பாயி அந்தம்மா பாடினதைக் கேட்டிருக்காங்க" என்றார். அன்று மாலையே அவருடன் லயத்துக்குப் போனேன்.

கிழவி அடுப்போரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். சிறு பிள்ளையாகத் தகப்பன் தோளில் இருந்து கேட்டதாம். பாட்டைச் சொல்லுங்கள் என்றேன். நெடுநேரம் யோசித்தார். ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, வாய் திறவாமலே மெட்டை மட்டும் முனகினார். பேரன் அடுப்பில் விறகைத் தள்ளினான். முனகல் நிற்கும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.