கேட்ட விலையும் கொடுத்த விலையும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பெருந்துறையில் வீடு, மனைத் தரகு செய்யும் நண்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் கூப்பிடும்போதே, "விற்பனைப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கு எதையும் விற்கப்போவதில்லை.

இந்தத் தொழிலில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, இப்போ நம்ம வீடு என்ன விலைக்குப் போகும்?" முன்பு வாயால் கேட்டார்கள். இப்போது போனை நீட்டிக் கேட்கிறார்கள். "நெட்டுல இதே மாதிரி வீட்டுக்கு 60 லட்சம் போட்டிருக்குதுங்களே?" நான் சொல்வது: "அது கேட்கிற விலைங்க. கொடுத்த விலை இல்லைங்க."

ஒரு வீட்டுக்கு நாலு விலை உண்டு. விளம்பரத்தில் போடுகிற விலை ஒன்று. அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு இரண்டு. பத்திரத்தில் எழுதுகிற விலை மூன்று. உண்மையில் கைமாறிய பணம் நாலு. நமக்குத் தெரிய வேண்டியது நாலாவது. ஆனால் எழுத்தில் கிடைப்பதெல்லாம் முதல் மூன்றுதான்.

நம்ம ஊர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் தேங்காய்ப் பருப்பு ஏலம் நடக்கிறது. எத்தனை மூட்டை வந்தது, குறைந்த விலை என்ன, அதிக விலை என்ன என்று பேப்பரில் வந்துவிடுகிறது. ஈரோட்டில் மஞ்சளுக்கும் அப்படித்தான். நூறு கிலோ பருப்பு விற்கிற விவசாயிக்கு நேற்றைய விலை தெரியும். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசில் வீடு வாங்குகிறவருக்கு, பக்கத்து வீடு போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று தெரியாது.

முதலில் இணையதளங்களைப் பார்ப்போம். அவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். புகைப்படம், வரைபடம், வாடகை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது. ஆனால் அங்கே இருப்பது விளம்பரம். விற்றுப்போன வீட்டின் விளம்பரம் எடுக்கப்படாமல் நிற்கும். ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலையில் போட்டிருப்பார்கள். நியாயமான விலை சொன்ன வீடு சீக்கிரம் விற்றுப்போய்ப் பட்டியலிலிருந்து போய்விடும். அதிகம் கேட்கிற வீடு மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதனால் பட்டியலில் பார்க்கிற சராசரி எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கித்தான் நிற்கும்.

சதுர அடிக் கணக்கையும் கவனியுங்கள். ஒரு எடுத்துக்காட்டு. 1,200 சதுர அடி வீடு, சதுர அடி 4,500 ரூபாய், மொத்தம் 54 லட்சம் என்று விளம்பரம். அந்த 1,200 என்பது சூப்பர் பில்டப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்குள் கார்ப்பெட் ஏரியா 864 சதுர அடிதான் என்றால், நீங்கள் கொடுப்பது சதுர அடிக்கு 6,250 ரூபாய். இரண்டு வீட்டை ஒப்பிடும்போது கார்ப்பெட் ஏரியாவை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்கிறோமே, அது கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று விளக்கியே வைத்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி அதில் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும்.

"அரசாங்கமே வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறதே" என்று படித்தவர்கள் கேட்பீர்கள். ரிசர்வ் வங்கியின் குறியீடு பல ஆண்டுகள் 10 பெரிய நகரங்களை வைத்தே கணக்கிடப்பட்டது. அதில் சென்னை உண்டு, கொச்சி உண்டு. நடுவில் இருக்கிற நாம் இல்லை. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் ரெசிடெக்ஸ் என்ற குறியீட்டைத் தொடங்கியது. அதன் 50 நகரங்களில் கோயம்புத்தூர் இருக்கிறது. அங்கே விலை ஏறியது என்று செய்தி வந்தால் இங்கே விற்கிறவர் விலையை ஏற்றுகிறார். அவிநாசி ரோட்டு விலைக்கும் சிப்காட் பக்கத்து விலைக்கும் என்னங்க சம்பந்தம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை அரசின் நிலப் பதிவுத் துறை வெளியிடுகிறது. தெருவையும் கதவு எண்ணையும் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸில்லோ என்ற நிறுவனம் 2006 முதல் கணினியை வைத்து வீட்டுக்கு மதிப்புப் போட்டுக் காட்டுகிறது. பிறகு வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலிலும் இறங்கியது. 2021 நவம்பரில், விலை எப்படிப் போகும் என்று கணிக்க முடியவில்லை என்று சொல்லி அந்தத் தொழிலை மூடியது. அவ்வளவு தகவல் கையில் இருந்தவர்களுக்கே அந்த நிலை. பெருந்துறையில் ஒரு வீட்டுக்குக் கணினி சொல்கிற விலையை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

இரண்டாவது, வழிகாட்டி மதிப்பு. முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கிற அளவுகோல் அது. சந்தை விலை அல்ல. 2017 ஜூன் 9-ம் தேதி தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33% குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1%-லிருந்து 4% ஆக்கினார்கள். அன்றைக்கு நம்ம ஊரில் ஒரு சைட்டாவது 33% மலிவாகக் கிடைத்ததா? 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது, கட்டணம் 2% ஆனது. அன்றைக்கும் எந்த சைட்டும் ஒரே இரவில் விலை ஏறிவிடவில்லை.

மூன்றாவது, பத்திர விலை. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, நாம் ஈ.சி. என்கிறோமே, அதைத் தேடிப் பார்க்கலாம். கடன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதில் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். உங்கள் சர்வே எண்ணில் இதுவரை பதிவான விலையெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். நம்மிடம் இருக்கிற ஒரே உள்ளூர் விலைப் பட்டியல் அதுதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பு புது அடுக்குமாடி வீட்டுக்குப் பிரிபடாத மனைப் பாகத்தை, அதாவது யு.டி.எஸ்.ஸை மட்டும் கிரயப் பத்திரமாக எழுதுவார்கள். கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். அந்தக் கிரயத்தைப் பார்த்தால் 40 லட்சம் வீடு 8 லட்சம் போலத் தெரியும். 2023 டிசம்பர் 1 முதல் மனையும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவு வந்தது. ஆகவே பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கத்தில் வைத்து, "விலை ஐந்து மடங்கு ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நாம் உண்டாக்கியது. கொடுப்பது ஒரு விலை, எழுதுவது ஒரு விலை. "வழிகாட்டி மதிப்புக்கு எழுதினால் போதுமுங்க, செலவு மிச்சம்" என்று இரண்டு தரப்பும் பேசிக்கொள்கிறார்கள். அது சட்டப்படி தவறு. அது ஒருபுறம் இருக்கட்டும், லாபக் கணக்கையே பார்ப்போம்.

ஒருவர் மறுவிற்பனை வீடு ஒன்றை 45 லட்சத்துக்கு இப்போது வாங்குகிறார், 30 லட்சம் என்று எழுதுகிறார். மறைத்த 15 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 1,35,000 ரூபாய் மிச்சம். சில வருஷம் கழித்து 60 லட்சத்துக்கு விற்கிறார். வாங்குகிறவர் வங்கிக் கடனில் வருகிறார், முழு விலையையும் எழுதியே ஆக வேண்டும் என்கிறார். உண்மை லாபம் 15 லட்சம். காகிதத்தில் 30 லட்சம். இல்லாத அந்த 15 லட்சத்துக்கு 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரி 1,87,500 ரூபாய், செஸ் தனி. வேறு வீடு வாங்கி வரிக்கழிவு பெற்றால் தவிர இது கட்டியாக வேண்டிய பணம். அன்றைக்கு மிச்சம் பிடித்ததைவிட இன்றைக்கு அதிகம் போகிறது.

இன்னொன்று. உங்களில் பலருக்கு ஊரில் தோட்டம் இருக்கும். 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, இழப்பீட்டுக்குச் சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பைப் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியை எடுத்து, அதன் சராசரியையும் பார்ப்பார்கள். ஊரே குறைத்து எழுதியிருந்தால், அதிகமான பாதியும் குறைவாகத்தான் இருக்கும். சிப்காட்டுக்கு மட்டும் 2,500 ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்ட ஊர் இது. பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை 544 போகிறது. நாளைக்கு ரோட்டுக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுத்தால், நாம் எழுதிய பொய் விலைதான் நமக்கே திரும்பி வரும். அதிலும் பொய் எழுதாத பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேர்த்து நஷ்டம்.

விலைக்கு வெளியேயும் சில விஷயங்கள் உண்டு. எந்தப் பட்டியலிலும் வராது, ஆனால் வீட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது அவைதான். முதலாவது தண்ணீர். கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அதன் கசிவில் ஊறுகிற கிணறுகள் எத்தனையோ. வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுவதில் விவசாயிகளே இரண்டு பக்கமாக நின்றார்கள் என்றால், அந்தக் கசிவு நீருக்கு அவ்வளவு மதிப்பு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதத்தில் வந்து போர்வெல்லைப் பார்த்துவிட்டு "நல்ல ஊற்று" என்று வீடு வாங்காதீர்கள். மே மாதத்தில் வந்து பாருங்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதாக மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே தண்ணீரைச் சோதித்து வாங்குங்கள். குடிநீரில் கரைந்த உப்பு, டி.டி.எஸ். என்கிறார்களே, அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணயம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை.

இரண்டாவது, யார் குடிவருகிறார்கள் என்பது. சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர், மருத்துவக் கல்லூரியில் வேலை செய்கிறவர், கொங்கு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர், இவர்கள் இருக்கிறவரை வாடகைக்கு ஆள் உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு பஸ் நிற்கிற இடம் எவ்வளவு தூரம் என்பது, நீச்சல் குளத்தைவிட முக்கியம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்கள் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஒரு பதிவேடு ஆரம்பியுங்கள். இந்த வளாகத்தில் ஒரு வீடு விற்றாலோ வாடகைக்குப் போனாலோ, மாதம், மாடி, கார்ப்பெட் ஏரியா, விலை அல்லது வாடகை, அட்வான்ஸ் இவ்வளவு மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். மூன்று வருஷத்தில் எந்த இணையதளத்திலும் இல்லாத கணக்கு உங்களிடம் இருக்கும். அவசரத்துக்கு வீட்டை விற்க வேண்டிய ஒரு அம்மாவுக்கு, "இதற்குமேல் யாரும் தரமாட்டாங்க" என்று ஒரு தரகர் சொல்லும்போது, எடுத்துக் காட்ட ஒரு நோட்டு இருக்கும்.

இரண்டு, காகிதங்களை ஒரே கோப்பில் வையுங்கள். ரெரா பதிவு எண், வரைபட அனுமதி, ஒவ்வொரு வீட்டின் யு.டி.எஸ். பட்டியல், மாதாமாதம் லாரித் தண்ணீர் எத்தனை லோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். அளவு. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாத அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்கு ரெரா பதிவு தேவையில்லை. மற்றவற்றுக்குக் கண்டிப்பாக வேண்டும். சுவரில் விரிசல் கண்டால் தேதி போட்டுப் படம் எடுத்துச் சேருங்கள். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையைச் சொன்னால், கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது ரெரா சட்டம். தேதி போட்ட படம் இருந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

மூன்று, விற்றாலும் வாங்கினாலும் உண்மை விலையை எழுதுங்கள். இது ஒருவர் மட்டும் செய்தால் நஷ்டம் போலத் தோன்றும். ஒரு வளாகம் சேர்ந்து செய்தால், அடுத்து வருகிறவருக்கு வங்கிக் கடன் சரியாகக் கிடைக்கும், வில்லங்கச் சான்றில் உங்கள் வீட்டின் விலை நிஜமாக நிற்கும்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டால் உங்க பிழைப்பு என்னங்க ஆகும்?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் சிரிக்கிறார். விலை தெரியாதவரிடம் ஒருமுறைதான் சம்பாதிக்க முடியும் அண்ணா. விலை தெரிந்தவர் தன் பிள்ளைக்கும் என்னையே கூப்பிடுவார். தரகருக்கும் ரெரா பதிவு எண் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தத் தரகர் வந்தாலும் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

பதிவேட்டுக்கு ஒரு நீளநோட்டு போதும். முதல் பக்கத்தை யார் எழுதுவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.