"கமிட்" ஆன பையன் காலேஜ் மாறினா அது வாக்கு தவறுறதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியிலிருந்து தொடங்குறேன். அமெரிக்காவுல இருக்கிற ஒருத்தர் எழுதியிருந்தார். அவங்க தெருவுல ஒரு பையன், ஹைஸ்கூல் கடைசி வருஷம், ஃபுட்பால் நல்லா ஆடுறவன். ஒரு பெரிய காலேஜுக்கு "கமிட்" ஆயிட்டான்னு தெருவே கொண்டாடியிருக்கு. வீட்டு வாசல்ல அந்தக் காலேஜ் கொடிகூடக் கட்டியிருந்தாங்களாம். டிசம்பர் வந்தப்ப பார்த்தா, அவன் வேற காலேஜுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். "கொடுத்த வாக்கை இப்படி மாத்தலாமா? பெத்தவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"ன்னு கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா கொஞ்சம் உள்ள போய்ப் படிச்சதும் ஒண்ணு புரிஞ்சுது. இந்தக் கேள்வியை நாம பையன்கிட்ட மட்டும்தான் கேட்கிறோம். எதிர்ப்பக்கத்துலயும் ஒருத்தர் வாக்குக் கொடுத்தாரே, அவரைக் கேட்கிறதில்லை.

முதல்ல அடிப்படை

இங்க ஃபுட்பால்னா அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் போட்டுக்கிட்டு ஆடுற ஆட்டம். காலேஜ் மேட்ச்சுக்கு அங்க கூடுற கூட்டத்தை நம்மால கற்பனை பண்றது கஷ்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்துல மட்டும் 1 லட்சத்துக்கு மேல உட்காரலாம்.

ஹைஸ்கூல்ல இந்த ஆட்டம் ஆடுறவங்க சுமார் 10 லட்சம் பேர். காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கிற என்சிஏஏ கணக்குப்படி, அதுல காலேஜ் டீமுக்குப் போறது நூத்துக்கு சுமார் 7 பேர்தான். டிவியில் பார்க்கிற பெரிய டீம்கள் இருக்கிற முதல் பிரிவுக்குப் போறது நூத்துக்கு 3 பேர்கூட இல்லை. அங்க முழு ஸ்காலர்ஷிப் கிடைச்சா படிப்புச் செலவு, தங்குறது, சாப்பாடு எல்லாம் காலேஜ் பார்த்துக்கும். பல வீடுகள்ல அந்தப் பையன் காலேஜ் படியேற அது ஒண்ணுதான் வழி.

இந்தத் தேர்வு எப்படி நடக்குது? கோச் ஒரு பையனோட ஆட்ட வீடியோவைப் பார்ப்பார், பிடிச்சிருந்தா "உனக்கு ஆஃபர் இருக்கு"ன்னு சொல்வார். வாயாலதான் சொல்வார். பையன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போற வருஷத்தோட ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி எழுத்துல ஆஃபர் கொடுக்கவே என்சிஏஏ விதி அனுமதிக்காது. பையனும் பதிலுக்கு "சரி, நான் உங்க டீமுக்கு வர்றேன்"னு வாயால சொல்வான். இதுதான் கமிட். ரெண்டு பக்கமும் இதுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது.

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, கிட்-ல கமிட் பண்ணிட்டு புஷ் பண்ணாம வச்சிருக்கிற மாதிரி. உங்க லேப்டாப்ல இருக்கு. அவ்வளவுதான்.

கையெழுத்துதான் புஷ். பாரம்பரியமா அது பிப்ரவரி மாசம் முதல் புதன்கிழமை. 2017-லிருந்து டிசம்பர்லயே ஒரு கையெழுத்துக் காலம் வந்துடுச்சு. இப்ப பெரும்பாலானவங்க அப்பவே போட்டுடுறாங்க. 1964-லிருந்து "நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்"னு ஒரு காகிதம் இருந்தது. 2024 அக்டோபர்ல அதை எடுத்துட்டாங்க. இப்ப நிதியுதவி ஒப்பந்தத்துல நேரடியாக் கையெழுத்து.

இன்னொரு வேடிக்கையான விதி. பையன் கையெழுத்துப் போடுற வரைக்கும் கோச் அவன் பேரைச் சொல்லிப் பொதுவெளியில எதுவும் பேசக்கூடாது. அதனால ஒருத்தன் கமிட் ஆனா கோச்சுங்க பேர் சொல்லாம, புரிஞ்சவங்களுக்கு மட்டும் புரியிற மாதிரி ஒரு ட்வீட் போடுவாங்க. பையன் மட்டும் மேஜை மேல நாலு காலேஜ் தொப்பியை வச்சு, கேமரா முன்னாடி ஒண்ணை எடுத்துத் தலையில போட்டு, ஊரறிய வாக்குக் கொடுப்பான். கோச்சோட வாக்கு ஃபோனோட முடிஞ்சுடும். பின்னாடி யார் மேல பழி வரும்னு இதுலயே தெரியுது இல்லையா?

13 வயசுப் பையன்

2010 பிப்ரவரி. டெலவேர் மாநிலத்துல டேவிட் சில்ஸ்னு ஒரு பையன். 13 வயசு, ஏழாம் வகுப்பு. யூஎஸ்சி, அதாவது சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட கோச் லேன் கிஃபின் அவனுக்கு ஆஃபர் கொடுக்கிறார். பையன் கமிட் ஆகிறான். நாடு முழுக்கச் செய்தி.

கிஃபின் அந்தப் பதவிக்கு வந்தே சில வாரம்தான் ஆகியிருந்தது. அதுக்கு முந்தின மாசம்தான், ஒரே ஒரு சீசன் முடிஞ்ச கையோட, டென்னஸி பல்கலைக்கழகத்தை விட்டு வந்திருந்தார்.

அந்தப் பையன் காலேஜுக்குப் போக இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. 2013 செப்டம்பர்ல ஒரு தோல்விக்கு அப்புறம், டீம் விமானம் வந்து இறங்கின ராத்திரியே, விமான நிலையத்துலயே கிஃபினை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. வாக்கு வாங்கினவர் போயிட்டார். புதுசா வந்த கோச்சுக்கு வேற திட்டம். கடைசியில சில்ஸ் அந்தக் கமிட்மென்ட்டை விட்டுட்டு வெஸ்ட் வர்ஜீனியா போனார். குவார்ட்டர்பேக்கா ஆகணும்கிறதுதான் அவர் கனவு. அதுக்காக நடுவுல ஒரு வருஷம் கலிஃபோர்னியாவுல ஜூனியர் காலேஜுக்குப் போய்கூட ஆடிப் பார்த்தார். நடக்கலை. திரும்பி வந்து பந்து பிடிக்கிற ரிசீவரா மாறி, 2017 சீசன்ல 18 டச்டவுன் பிடிச்சார். என்எஃப்எல் வரைக்கும் போனார்.

முடிவு நல்லாத்தான் இருந்தது. ஆனா ஏழாம் வகுப்புல அவர்கிட்ட வாங்கின வாக்குக்கு யார் பொறுப்பு? 13 வயசுல கமிட் ஆன பையனை "அவசரப்பட்டான்"னு சொல்றோம். கேட்ட பெரியவரை என்ன சொல்றது?

கோச் போனா என்ன ஆகும்?

இது ஏதோ ஒரு தடவை நடந்ததுன்னு நினைக்காதீங்க. ஜூலியன் சாயின்னு ஒரு குவார்ட்டர்பேக். 2022-லயே அலபாமாவுக்குக் கமிட் ஆனவர். ஒரு வருஷத்துக்கு மேல வாக்கு மாறலை. கையெழுத்துப் போட்டு, 2024 ஜனவரியில காலேஜ்லயும் சேர்ந்துட்டார். ஜனவரி 10-ம் தேதி கோச் நிக் சேபன் ஓய்வு அறிவிச்சார். அந்த மாசம் முடியுறதுக்குள்ள சாயின் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறிட்டார். அவர் போனதைத் துரோகம்னு சொல்ல முடியுமா? சேபன் ஓய்வு பெற்றதையும் தப்புன்னு சொல்ல முடியாது. அவருக்கு அப்ப 72 வயசு. ஆனா பையன் நம்பி வந்தது அந்த ஒரு மனுஷனை.

டிராவிஸ் ஹன்டர் கதை வேற மாதிரி. 2020-லிருந்து ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக் கமிட். நாட்டுலயே முதல் இடத்துல மதிப்பிடப்பட்ட ஆட்டக்காரர். 2021 டிசம்பர் 15, கையெழுத்துப் போடுற அன்னைக்கு, ஜாக்சன் ஸ்டேட்னு சொல்லிட்டார். அது மிசிசிப்பியில் இருக்கிற, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கின காலேஜ். பெரிய டீம்கள் ஆடுற உட்பிரிவுலயே அது கிடையாது. அங்க கோச் டீயான் சாண்டர்ஸ். அவரே ஃப்ளோரிடா ஸ்டேட்ல ஆடிப் பேர் வாங்கினவர்ங்கிறதுதான் கூடுதல் வலி. அந்த ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க.

ஒரே வருஷத்துல சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனார். ஹன்டரும் கூடப் போனார். 2024-ல் காலேஜ் ஃபுட்பாலோட உச்ச விருதான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார். 2025 என்எஃப்எல் தேர்வுல இரண்டாவது ஆளா ஜாக்சன்வில் எடுத்தது. அவர் காலேஜுக்கு வாக்குக் கொடுக்கலை, ஒரு கோச்சுக்குக் கொடுத்தார். அந்தக் கோச் இவரையும் கூட்டிட்டுப் போனார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

இப்ப காசும் வந்தாச்சு

2021 ஜூலை 1-லிருந்து காலேஜ் ஆட்டக்காரங்க தங்கள் பேர், படம் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். 2024-லிருந்து எத்தனை தடவை காலேஜ் மாறினாலும், படிப்புல தேறியிருந்தா, உட்காராம ஆடலாம். 2025 ஜூன்ல ஒரு வழக்கு சமரசம் மூலமா, காலேஜே நேரடியாக் காசு கொடுக்கலாம்னு ஆச்சு. முதல் வருஷ உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு காலேஜுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

பிரைஸ் அண்டர்வுட் 2024 ஜனவரியில எல்எஸ்யூவுக்கு, அதாவது லூசியானா ஸ்டேட்டுக்குக் கமிட் ஆனார். நவம்பர்ல மிச்சிகனுக்கு மாறினார். பெரிய தொகைன்னு செய்திகள் வந்துது. "காசுக்காக மாறிட்டான்"னு ஒரே பேச்சு. சரி, அப்புறம் என்ன ஆச்சு? 2025 அக்டோபர்ல எல்எஸ்யூ கோச்சை எடுத்தாங்க. டிசம்பர்ல மிச்சிகன் கோச்சையும் எடுத்தாங்க. அவர் எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் கூப்பிட்ட ஆள் அங்க இல்லை.

காசு விஷயத்துலயும் வாய் வார்த்தையை நம்ப முடியாது. ஜேடன் ரஷாடா, 2022-ல் மயாமிக்குக் கமிட் ஆகி, பிறகு ஃப்ளோரிடாவுக்கு மாறினவர். 1 கோடியே 38.5 லட்சம் டாலர் தர்றதாச் சொல்லி ஏமாத்திட்டாங்கன்னு 2024-ல் வழக்கே போட்டார். கையெழுத்துப் போட்ட அடுத்த மாசமே அங்கிருந்து விடுவிச்சுக்கிட்டு, அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார்.

ஆனா நான் அதிகம் யோசிக்கிறது இந்தப் பெரிய பேர்களைப் பத்தி இல்லை. நம்ம நேயர் தெருவுல இருக்கிற மாதிரி நடுத்தரத் திறமையுள்ள பையனைப் பத்தித்தான். அந்தச் சமரசத்தோட டீமுக்கு 105 பேர்தான்னு உச்சவரம்பும் வந்துது. அதுக்கு முன்னாடி ஸ்காலர்ஷிப் 85 பேருக்குத்தான், ஆனா அது இல்லாமலும் நிறையப் பேர் டீம்ல இருக்கலாம். வரம்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், இடம் உண்டுன்னு வாக்குக் கொடுத்த பசங்களையே சில காலேஜ்கள் கைவிட்டுச்சு. நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதலை நிறுத்தி வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். அப்படி இடம் போனவங்களை வரம்புக்கு மேல வச்சுக்கலாம்னு மாத்தின பிறகுதான் ஒப்புதல் கொடுத்தார். வச்சுக்கலாம்னுதான். வச்சுக்கணும்னு கட்டாயம் இல்லை.

அது போக, இப்ப கோச்சுக்கு 17 வயசுப் பையனை வளர்த்தெடுக்கப் பொறுமை இல்லை. வேற காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடித் தேறின 21 வயசு ஆள் கிடைக்கிறான். யாருக்கு இடம் குறையும்னு நீங்களே யோசிங்க.

அப்ப பையன் மேல தப்பே இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருத்தன் கமிட் ஆனா, அந்த இடத்துக்குப் பார்த்துக்கிட்டிருந்த இன்னொரு பையன்கிட்ட "இடம் நிரம்பிடுச்சு"ன்னு சொல்லிடுவாங்க. கடைசி நாள்ல இவன் மாறினா, நஷ்டம் கோச்சுக்கு மட்டும் இல்லை. அதனால மாறணும்னா சீக்கிரம் மாறணும். நேரா ஃபோன் பண்ணிச் சொல்லணும். சோஷியல் மீடியாவுல படம் போட்டுத் தெரிவிக்கக்கூடாது. அந்த மரியாதை கண்டிப்பா வேணும்.

பெத்தவங்களுக்கு மூணு கேள்வி. இந்தக் கோச் நாளைக்குப் போயிட்டாலும் பையன் அந்தக் காலேஜ்ல படிக்க விரும்புவானா? முழங்கால் உடைஞ்சு ஆட்டமே போச்சுன்னா, அங்க அவனுக்குப் பிடிச்ச படிப்பு இருக்கா, செலவை யார் ஏத்துப்பாங்க? சொன்னதெல்லாம் காகிதத்துல வந்திருக்கா? மூணுக்கும் பதில் இருந்தா கொடியைக் கட்டுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தகவல். 2010-ல் அந்த 13 வயசுப் பையன்கிட்ட வாக்கு வாங்கின லேன் கிஃபின் இப்ப எங்க இருக்கார் தெரியுமா? 2025 நவம்பர் 30 வரைக்கும் ஓல் மிஸ் கோச். டீம் 11 மேட்ச் ஜெயிச்சு, தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தது. அன்னைக்கு அவர் எல்எஸ்யூ வேலையை ஏத்துக்கிட்டுக் கிளம்பினார். கையெழுத்துக் காலம் டிசம்பர் 3. ஓல் மிஸ்ஸுக்குக் கமிட் ஆகியிருந்த பசங்களுக்கு முடிவெடுக்க மூணு நாள்.

நேயருக்கு என் பதில் இதுதான். உங்க தெருப் பையன் மாறினது எதனாலன்னு எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த தடவை அவனைப் பார்க்கும்போது "ஏன்டா வாக்கு மாறினே?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "உனக்கு யாராவது வாக்கு மாறினாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பதிலை எனக்கும் எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.