சீவாளி பேசிய ஒரு நிமிடம்



என் தங்கை மகன் ஒரு இசைப் பாட்காஸ்ட் நடத்துகிறான். ஒரு பகுதிக்கு ஒரு வாத்தியம், முக்கால் மணி நேரப் பேச்சும் வாசிப்பும். நாகசுரப் பகுதி தயாரானதும் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். "பெரியம்மா, இதுக்கு ஒரு நிமிஷ வீடியோ செஞ்சிருக்கேன். செல்போன்ல பார்க்கிறவங்க முழுசையும் கேட்க வரணும். எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றான்.

பார்த்தேன். டிரோன் கோபுரத்தைச் சுற்றி வந்தது. தேர், யானை, கூட்டம், குத்துவிளக்கு என நொடிக்கொரு காட்சி. பின்னணியில் ஒரு பழைய சினிமாப் பாட்டிலிருந்து எடுத்த நாகசுரத் துண்டு. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால், "வாசிக்கிறவர் எங்கேடா?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

அந்த சினிமாத் துண்டைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. முப்பது நொடிக்குள் இருந்தால் அனுமதி வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைகள் இருக்கின்றன: மெட்டு, வரிகள், பதிவான ஒலி என்று தனித்தனியாக. இவை வேறு வேறு கைகளில் இருக்கலாம். யூடியூப் 2007ஆம் ஆண்டிலிருந்தே பதிவுகளைத் தானாக அடையாளம் காணும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் துண்டை நான் வேண்டாம் என்றதற்குப் பெரிய காரணம் அதுவல்ல. அவனிடம் நாகசுரப் பகுதிக்காக வாசித்த வித்வானின் மூன்று மணி நேரப் பதிவு இருந்தது. சொந்த வீட்டில் நெல் குவிந்திருக்கும்போது அடுத்த வீட்டில் எதற்கு அரிசி கேட்க வேண்டும்?

படத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பதிவை முதலிலிருந்து கேட்டோம். வாசிப்பு தொடங்குவதற்கு முன், யாரும் கவனிக்காத ஓர் இடம் வந்தது. வித்வான் நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறார். அதை மட்டும் தனியே ஊதிப் பார்க்கிறார். குஞ்சுப் பறவை கத்துவதுபோல் ஒரு கீச்சொலி. சரியில்லை, நாகசுரத்தில் நூலில் தொங்கும் வேறொன்றை எடுக்கிறார். மறுபடியும் ஊதுகிறார். அதை நாகசுரத்தின் மேல்முனையான கெண்டையில் பொருத்துகிறார். ஒரு மூச்சு. பிறகு உலவு என்ற குழல் முழுவதும் அதிர்ந்து, கீழே விரிந்த வாயான அணைசு வழியாக முதல் சட்ஜம் வருகிறது. கொறுக்கைத் தட்டையில் செய்த ஒரு சின்னச் சீவாளிக்குள்ளிருந்து இத்தனை பெரிய ஒலி! எனக்கு உடம்பு சிலிர்த்தது. "இதுதான் உன் வீடியோ" என்றேன்.

ஒலியைத் தனியே நிறுத்திக் காட்டினால் காது தானாக நெருங்கி வரும். அமெரிக்காவில் ஹிரிஷிகேஷ் ஹிர்வே 2014இல் தொடங்கிய 'சாங் எக்ஸ்ப்ளோடர்' பாட்காஸ்டின் பலமே இதுதான். பாட்டை உருவாக்கியவரே தன் பாட்டைப் பற்றிப் பேச, அதன் ஒலித் தடங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து ஒலிக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? அகில இந்திய வானொலியின் முகப்பு இசையை நினைத்துப் பாருங்கள். 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசையமைப்பாளர் அமைத்தது. தம்புராவின் மேல் வயலின் எழும் சில நொடிகள்தான். படமில்லை, பேச்சில்லை. அதைக் கேட்டால் என் தலைமுறைக்கு விடியற்காலை நினைவுக்கு வந்துவிடும்.

வித்வான் வீட்டுக்கு மறுபடியும் போனோம். அந்தச் சீவாளித் துண்டைப் பயன்படுத்த அவரிடம் முறையாக அனுமதி கேட்டோம். அதை அவர் மறுபடி செய்து காட்ட, செல்போனைச் செங்குத்தாக நிறுத்திப் படம் பிடித்தோம். முதல் முயற்சி வீண். செல்போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கீச்சொலியைப் பெரிதாக்கி, சட்ஜம் வந்ததும் அமுக்கிவிட்டது. மலை ஏறும் இடத்தில் தரையைத் தட்டையாக்கியதுபோல் ஆகிவிட்டது. தனி ஒலிப்பதிவுக் கருவியை, அணைசுக்கு நேர் எதிரே வைக்காமல், ஐந்தடி தள்ளிப் பக்கவாட்டில் வைத்தோம். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல். படத்தையும் ஒலியையும் பிறகு இணைக்க அந்தத் தட்டல்தான் அடையாளம்.

பேருந்தில் பலர் சத்தத்தை அணைத்துவிட்டே வீடியோ பார்க்கிறார்கள். அவர்களுக்காகத் திரையின் நடுவில், பெரிய எழுத்தில், "இது சீவாளி. இன்னும் நாகசுரம் தொடங்கவில்லை" என்று போட்டோம். கீழே போட்டால் செயலியின் பொத்தான்களும் தலைப்பும் மறைத்துவிடும். தவிலையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் இடந்தலையின் கனம் காணாமல் போகும் என்பதால் விட்டுவிட்டோம்.

எங்கே வெட்டுவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. ராகம் கொஞ்சம் விரியட்டும் என்றான் அவன். முதல் சட்ஜம் நிலைத்து, அடுத்த சுரத்துக்கு நகரும் அந்த நொடியில் நிறுத்தச் சொன்னேன் நான். அந்த வெட்டுக்குப் பின் மூன்று நொடி கறுப்புத் திரை, பாட்காஸ்டின் பெயர் மட்டும். கடைசியில் நான் சொன்னபடியே விட்டோம்.

வித்வானுக்குக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "சீவாளி சத்தத்தை யாரும் கேட்கவே மாட்டாங்கம்மா. அது எங்களுக்குள்ளேயே இருக்கிற சத்தம்" என்றார். பிறகு என் தங்கை மகனைப் பார்த்து, "தம்பி, அந்த முதல் சீவாளி நல்ல சீவாளிதான். அன்னிக்குக் காத்துல ஈரம் ஜாஸ்தி. அதை முழுசாப் பேசுற இடத்துல சொல்லிடுப்பா" என்றார்.

சேர்த்துவிட்டான். பாட்காஸ்டின் பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் குரலிலேயே இருக்கிறது.