இரைப்பைப் புற்றுநோயும் ஒரு புரதத்தின் சாட்சியமும்



ஒத்த வயதினர் இருவர். இருவர்க்கும் இரைப்பையிலே புற்றுநோய். கட்டியின் பருமனும் அது பரவிய எல்லையும் ஏறக்குறைய ஒன்றே. எனினும் ஒருவர் சில திங்களில் மறைகின்றார். மற்றவர் பல ஆண்டுகள் வாழ்கின்றார். “இன்னும் எத்துணைக் காலம், ஐயா?” என்று குடும்பத்தார் வினவும்போது, வைத்தியர் எதனைக்கொண்டு விடையிறுப்பார்?

நெடுங்காலமாக நுணுக்குக்காட்டியே அவருக்குத் துணை நின்றது. 1965ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு அறிஞர் பெக்கா லௌரேன், கலங்களின் அமைப்பை நோக்கி, இந்நோயைக் குடல்வகை, பரவல்வகை எனப் பிரித்தார். ஆயின், உருவம் ஒன்றாயினும் உள்ளியல்பு வேறுபடலாமன்றோ? அவ்வியல்பை வகுப்பவற்றுள் முதன்மையானவை புரதங்கள்.

அவற்றுள் ஒன்று ஹெர்-2. கலத்தின் மென்சவ்விலே நின்று, ‘வளர்க, பெருகுக’ என்னும் கட்டளையை உள்ளே செலுத்துவது இது. சில கட்டிகளில் இதன் பரம்பரையலகு பன்மடங்காகிப் புரதமும் மிகுந்துவிடுகிறது. 1987இல் டெனிஸ் ஸ்லேமனும் அவர்தம் குழுவினரும், மார்பகப் புற்றுநோயிலே இம்மிகுதி உள்ளவர்க்கு நோய் விரைவில் மீள்வதைக் கண்டனர்.

இதனை அறிவது எவ்வாறு? கட்டியினின்று கிள்ளிய இழையத்தை மெல்லிய சீவல்களாக்கி, அப்புரதத்தை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியை அதன்மேல் இட்டு, நிறமூட்டுவர். நிறத்தின் அழுத்தத்தை 0 முதல் 3 வரை மதிப்பிடுவர். 2 எனின் ஐயத்திற்குரியது. பரம்பரையலகின் பிரதிகளை எண்ணித் தெளிவர். இரைப்பைக் கட்டியிலே இந்நிறம் திட்டுத்திட்டாகவே தோன்றுவதுண்டு. ஆதலால் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பலவிடங்களிலே இழையம் எடுத்தல் வேண்டும்.

இரைப்பைப் புற்றுநோயில் இப்புரதம் தீய குறியோ அன்றோ என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால், 2010இல் வெளியான தோகா ஆய்வு வேறொரு வழியைத் திறந்தது. ஹெர்-2 மிகுந்து, நோயும் முற்றிய 594 பேர், 24 நாடுகளிலிருந்து அதிற் சேர்க்கப்பட்டனர். மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், அப்புரதத்தைத் தடுக்கும் திராஸ்டுசுமாப் என்னும் மருந்தையுஞ் சேர்த்துப் பெற்றோருக்கு 13.8 மாதம். புரதம் மிக அதிகமாய் இருந்தோரை மட்டும் நோக்கின், 11.8 மாதம் 16.0 ஆயிற்று.

“இவ்வளவுதானா?” என்பீர்கள். மகளின் திருமணத்தைக் காணக் காத்திருக்கும் தந்தைக்கு அச்சில மாதங்கள் சிறியனவல்ல. மேலும், இடைநிலை என்பது தீர்ப்பன்று. பாதிப்பேர் அதனைக் கடந்து வாழ்ந்தவர்களே.

வருவதை முன்னுரைக்கும் குறி ஒன்று. ஏற்ற மருந்தைச் சுட்டும் குறி மற்றொன்று. முன்னையது அச்சத்தைத் தருதலுங் கூடும். பின்னையது செயலுக்கு வழி காட்டும். ஆகவே, நோயுற்றவரின் உறவினர் “எத்துணைக் காலம்?” என்று கேட்பதோடு அமையாது, “இழையத்திலே இப்புரதம் சோதிக்கப்பட்டதா?” என்றும் கேட்டல் நன்று.