மார்கழிப் பயணமும் ஆனிப் பயணமும்



சிதம்பரத்தில் ஆண்டுதோறும் இரண்டு பெருந்திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஒன்று மார்கழித் திருவாதிரை. மற்றொன்று ஆனித் திருமஞ்சனம். இரண்டிலும் தேரோட்டம் உண்டு. கடலூரிலிருந்து அத்தேர்களைக் காணக் காரில் செல்வோர் பலர். வழி ஒன்றேதான், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆயினும் மார்கழி வைகறையில் செல்லும் காருக்கும், ஆனி நண்பகலில் செல்லும் காருக்கும் பெட்ரோல் செலவு ஒன்றாக இருப்பதில்லை.

இந்த வேறுபாட்டை என்னிடம் ஒரு வழக்காகவே கொண்டுவந்தார், எங்கள் தெருவில் வாடகைக் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர். போகவர 90 கிலோமீட்டருக்கு மார்கழியில் 5 லிட்டர் ஆயிற்றாம். ஆனியிலோ 6 லிட்டர். ஓட்டுநர் ஒரு லிட்டரை எடுத்து விற்றுவிட்டார் என்று அவர் முடிவே செய்துவிட்டார். “ஐயா, கணக்குத் தெரிந்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்” என்றார். ஒருவருடைய பிழைப்பும் நற்பெயரும் அந்த ஒரு லிட்டரைப் பற்றிக்கொண்டு நின்றன. ஆகவே பொறுமையாகவே கணக்கிட்டோம்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். விரைந்து ஓடும் கார் தன் முன்னுள்ள காற்றை விலக்கிக்கொண்டே செல்லவேண்டும். வெப்பம் ஏறினால் காற்று விரிந்து அடர்த்தி குறையும். மார்கழி வைகறையில் 22 பாகை செல்சியஸ், ஆனி நண்பகலில் 37 பாகை என்று கொள்ளுங்கள். தனிவெப்பநிலை அளவில் இவை 295, 310 ஆகின்றன. எனவே ஆனிக் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து அளவில் குறைவு. அது தரும் தடையும் அவ்வளவே குறைவு.

அடுத்தது எஞ்சின். அது நன்கு இயங்கக் குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 90 பாகையை எட்டவேண்டும். அதுவரை மசகெண்ணெய் தடித்திருக்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலுத்தப்படும். பனி பெய்யும் நாடுகளில் இது பெரிய செலவு. வெப்பம் 25 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழ் 7 பாகைக்கு இறங்கினால், நகருக்குள் செல்லும் பயணத்தில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது என அமெரிக்க அரசின் எரிபொருள் கையேடு கூறுகிறது. நம் கடலூரில் அத்தகைய குளிர் ஏது? எனினும் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குக் காய்கறி வாங்கக் காரை எடுப்பவர், எஞ்சின் சூடேறுமுன்பே வீடு திரும்பிவிடுகிறார். நடந்தே போகலாம் என்பது என் கருத்து; அது வேறு செய்தி.

இவ்வளவையும் கேட்ட நண்பர், “அப்படியானால் ஆனியில் செலவு குறைந்தல்லவா இருக்கவேண்டும்? ஓட்டுநர் அகப்பட்டுக்கொண்டார்!” என்று மகிழ்ந்தார். நான் ஓட்டுநரை அழைத்து, வழியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். காரில் ஒரு முதியவளும் இரு சிறுவரும் இருந்தனராம். புறப்பட்டது முதல் திரும்பும்வரை குளிர்சாதனம் ஓடியது. தேர்வீதிக்கு அருகில் நெரிசலில் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றபோதும் அதை நிறுத்தவில்லை.

விடை அங்கே இருந்தது. குளிர்சாதனத்தின் கம்ப்ரஸரைச் சுழற்றும் ஆற்றல் எஞ்சினிலிருந்தே வருகிறது. வெளியே வெப்பம் மிகுந்தால் அதன் வேலையும் மிகும். வெயிலில் நிறுத்திய காராயின், உள்ளே தேங்கிய வெப்பத்தையும் அது இறைத்து வெளியேற்றவேண்டும். ஓட்டத்தில் நூற்றுக்குப் பத்து கூடியதென்றால் அரை லிட்டர். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியதற்கு ஏறத்தாழ இன்னோர் அரை லிட்டர். ஒரு லிட்டரும் கணக்கில் வந்துவிட்டது. அந்த ஓட்டுநர் இன்றும் அதே காரை ஓட்டிவருகிறார்.

நண்பர் மற்றோர் ஐயத்தையும் எழுப்பினார். பெட்ரோல் வெயிலில் விரிகிறதே, அதிகாலையில் நிரப்பினால் இலாபமில்லையா என்றார். விரிவது உண்மை; 10 பாகைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. ஆனால் பெட்ரோல் நிலையத்தின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. கிணற்றுநீர் கோடையில் குளிர்ந்தும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவதை அறிவீர்கள் அல்லவா? மேலே பகலும் இரவும் மாறினாலும் மண்ணுக்கடியில் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே விடியலில் வரிசையில் நிற்பதால் கிடைக்கும் இலாபம் மிகச் சிறிதே. அங்கே அடர்த்திமானியும் வெப்பமானியும் வைத்திருப்பார்கள். அளந்த அடர்த்தியை 15 பாகைக்குரியதாக மாற்றி ஒப்பிடுவார்கள். கேட்டால் காட்டுவார்கள், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

டயரையும் மறவாதீர்கள். 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரில் 15 பாகை வெப்பம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு இறங்கும். காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகமாக நசுங்கி உருளும். எஞ்சினுக்குச் சுமை கூடும். ஆதலால் மார்கழியில் ஒருமுறை, ஓடாத டயரில், காற்றை அளந்து நிரப்பவேண்டும்.

உங்கள் வீட்டில் காரோ இருசக்கர வண்டியோ இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். தொட்டியை முழுதும் நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நிலையத்தில், அதே குழாயில், மறுபடி முழுதும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது, இடையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். அருகே அன்றைய வெப்பநிலை, குளிர்சாதனம் ஓடிய நேரம், நின்ற நேரம் ஆகியவற்றுக்கு மூன்று கட்டங்கள் போடுங்கள். மார்கழியில் தொடங்கினால் ஆனிக்குள் ஒரு நோட்டுப்புத்தகம் நிறைந்துவிடும்.