இருமொழிப் படநூல்களும் நம் இல்லத்துச் சிறாரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமக்கு அளிக்கப்பட்ட நேரம் சிறிது. எடுத்துக்கொண்ட பொருளும் சிறியோரைப் பற்றியதே. நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள நம் குழந்தைகளின் கையில் எத்தகைய நூலைக் கொடுத்தால் தமிழ் அவர்களிடம் தங்கும் என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். நாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதிக் காலம் கழிப்பவர், புலவர் அல்லோம். ஆயினும் இந்தக் காலனியில் பிள்ளைகளை வளர்ப்போர் என்ற முறையில் பேச உரிமை உண்டென நம்புகிறோம்.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்கின்றனர். 2020ஆம் ஆண்டு மகாராட்டிர அரசு இயற்றிய சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அது நன்று, நாம் வாழும் மண்ணின் மொழியன்றோ? தெருவில் இந்தி. தமிழோ வீட்டுக்குள் காதால் கேட்கும் அளவில் நின்றுவிடுகிறது. ஊரிலிருந்து ஆச்சி தொலைபேசியில் அழைக்கிறாள். "சாப்பிட்டியா?" என்கிறாள், "சாப்பிட்டேன்" என்கிறான் பேரன். அதற்கு மேல் அவனிடம் சொல் இல்லை. அவளிடமோ சொல்வதற்கு ஆயிரம் இருக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்வோர்க்குத் தமிழ்க் கடை, கோயில், பத்திரிகை என்ற சூழலேனும் உண்டு. கல்யாணில் நமக்கு அது குறைவு.

இதற்கு மருந்தாக ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துவது சங்கங்களின் வழக்கம். போற்றத்தக்க முயற்சிதான். ஆனால் அங்கே முதல் நாளே 247 எழுத்துகளை நெடுஞ்சுவர்போல் குழந்தையின் முன் நிறுத்துகிறோம். உயிரெழுத்துப் பன்னிரண்டும் தாண்டி, உயிர்மெய் வரிசைக்குள் நுழையும்போதே பாதிப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு வெளியேறிவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எழுத்தைக் கற்றால் என்ன கிடைக்கும் என்பதை நாம் இன்னும் காட்டவே இல்லையே!

எழுத்துக்கு முன் கதையைக் காட்டுவது படநூல். அதிலும் ஒரே பக்கத்தில் இரு மொழிகளைத் தாங்கிய படநூல் நம் போன்றோர்க்கென்றே அமைந்தது எனலாம். சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தோடு தமிழையும், ஆங்கிலத்தோடு மராத்தியையும், இவ்வாறே பிற இந்திய மொழிகளையும் இணைத்து இத்தகைய நூல்களை வெளியிட்டு வருகிறது. சந்தியா ராவ் எழுத நீனா சப்னானி படமிட்ட நூலொன்று அப்பதிப்பகத்தில் வந்தது. தாயின் புடவை ஒரு குழந்தைக்கு என்னென்ன விளையாட்டுப் பொருளாகிறது என்பதே அதன் பொருள். நம் வீட்டில் தினமும் நடப்பது!

இந்நூல்கள் குழந்தைக்கு மட்டுமே உதவுவன என்று எண்ண வேண்டா. நம் இளந்தாய்மாருள் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவர், படிக்க அறியார். தனித் தமிழ்நூலைக் கொடுத்தால் அவர்கள் கூச்சத்தோடு மூடி வைப்பர். இருமொழி நூலாயின் தாத்தா தமிழைப் படிக்க, தாய் ஆங்கிலத்தைப் படிக்க, இடையே குழந்தை படத்தைப் பார்க்க, மூவரும் ஒரே பாயில் அமரலாம்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கவலை உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து நியூயார்க் சென்ற பூரா பெல்ப்ரே என்னும் அம்மையார், 1921இல் அந்நகரப் பொது நூலகத்தில் பணியிற் சேர்ந்து, குடிபெயர்ந்தோர் குழந்தைகளுக்கு ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கதை சொல்லலானார். தம் ஊர்க்கதை ஒன்றை 1932இல் நூலாகவும் வெளியிட்டார். இன்று அவர் பெயரால் சிறுவர் நூல்களுக்குப் பரிசு வழங்கப்படுகிறது. 1975இல் ஹாரியட் ரோமர் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பதிப்பகம் ஸ்பானியமும் ஆங்கிலமும் சேர்ந்த படநூல்களை வெளியிட்டது. அவற்றுள் கார்மன் லோமாஸ் கார்சா என்னும் ஓவியர் 1990இல் படைத்த குடும்பப் படநூல் ஒன்று. டெக்சாசில் தாம் வளர்ந்த வீட்டை அப்படியே தீட்டியுள்ளார். ஒரு படத்தில் வீட்டார் அனைவரும் அடுக்களையில் கூடி, சோளமாவைச் சோளமடலில் பொதிந்து தமாலே என்னும் பண்டம் செய்கின்றனர். கார்த்திகைக்கு நெல்லைச் சீமையில் பனையோலைக்குள் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்பார்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்!

ஆயினும் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு; நூல் வாங்குவோர் இதைக் கருத வேண்டும். ஸ்பானியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்றே. ஒன்றைப் படித்த குழந்தை மற்றதையும் தட்டுத் தடுமாறியேனும் படித்துவிடும். நம் குழந்தையோ தெரிந்த ஆங்கில வரிக்குத் தாவும். தமிழ் வரி அதற்குப் படத்தின் கீழுள்ள பூவேலைபோல் ஆகிவிடும். நூலை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போவதால் பயன் இல்லை என்பது இதனால் விளங்கும். ஆங்கில வரியை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் தமிழை முதலில் உரக்கப் படிக்க வேண்டும். நூலில் "வந்தது" என்றிருப்பின் அவ்வாறே படித்து, பின் நம் வீட்டு வழக்கில் "வந்துச்சு" என்றும் சொல்ல வேண்டும். எழுத்துத் தமிழ் வேறெங்கோ உள்ள மொழியன்று என்பது குழந்தைக்கு அப்போதுதான் புலப்படும்.

உரக்கப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மராத்தியில் ககர வருக்கத்துக்கு நான்கு எழுத்துகள், நமக்கோ ஒன்றே. "காகம்" என்ற சொல்லில் முதல் எழுத்து ஒருவிதமாகவும் அடுத்தது மற்றொரு விதமாகவும் ஒலிப்பதை எந்த அரிச்சுவடியாலும் விளக்க முடியாது. காது கேட்டால் நொடியில் விளங்கும். மராத்தி படிக்கும் பிள்ளைக்கு ளகரம் எளிதில் வரும், அம்மொழியிலும் அது உண்டு. ழகரம் அங்கே இல்லை. "பழம்" என்ற சொல்லை யாரேனும் சொல்லிக் காட்ட வேண்டும். (பெரியோரிலும் சிலர் பழத்தைப் பளமாக்கியே உண்கின்றனர், அது வேறு கதை.)

இரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பன்மொழி நூல் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நிலையப் பெயர்ப் பலகைகளையே சொல்கிறோம். சென்னை வண்டியில் கல்யாணிலிருந்து புறப்பட்டால் சோலாப்பூர் வரை மராத்தி; வாடியிலும் ராய்ச்சூரிலும் கன்னடம்; குண்டக்கல்லில் தெலுங்கு; அரக்கோணத்தில் தமிழ். ஊருக்குச் செல்லும்போது சன்னலோரம் அமர்த்திக் காட்டுங்கள்.

தமிழும் மராத்தியும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்தான் நமக்குப் பெரிதும் வேண்டுவது. கடையில் விற்பனவற்றில் ஆங்கிலமே ஒரு பாதியாக அமைகிறது. தமிழ் மண்ணுக்கு மராத்திக் குழந்தைநூல் புதிதன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் அச்சகத்தில் ஈசாப்புக் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். தஞ்சையில் மராத்திக்குச் செய்த அதனைக் கல்யாணில் தமிழுக்கு நாம் செய்யலாகாதா?

செய்ய வழி உண்டு. பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015இல் ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தைத் திறந்தது. அங்குள்ள படக்கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். மூலத்தாரின் பெயரைக் குறித்து மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஒரே கதை தமிழிலும் மராத்தியிலும் கிடைப்பதுண்டு. இரண்டையும் அச்சிட்டு எதிரெதிர்ப் பக்கங்களாகத் தைத்தால் நூல் ஆயிற்று.

செயற்குழுவினர் முன் நம் வேண்டுகோள் இது. விளையாட்டுப் போட்டிப் பரிசாக ஆண்டுதோறும் கொடுக்கும் எவர்சில்வர் தம்ளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் போதிய அளவு சேர்ந்துவிட்டன. வரும் ஆண்டு அத்தொகையை இருமொழிப் படநூல்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். நூல்களைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல், திறந்த பெட்டியில் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் வைப்போம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலையில் பாட்டிமார் முறைவைத்துப் படிக்க முன்வர வேண்டும். மூவர் ஏற்கெனவே இசைந்துள்ளனர். இத்தோடு, கார்த்திகைக்குள் நம் கையால் ஒரு நூல் செய்யலாமென எண்ணுகிறோம். ஓலைக்கொழுக்கட்டை அவிப்பதைப் பாட்டிமார் சொல்ல, பிள்ளைகள் வரைய, தமிழை நாம் எழுதுவோம். மராத்தியைத் திருத்தித் தர அண்டை வீட்டு மராத்தி ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாளும் வண்ணப் பென்சிலும் நம் பொறுப்பு. தீபாவளிக்கு ஊர் சென்று திரும்புவோர் பனங்குருத்தோலை நாலைந்து கொண்டுவந்தால் போதும்.